வண்டிக்குத் தொண்டைக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

வண்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாங்கியபோது இந்த மோட்டார் சைக்கிள் கம்பீரமாகத்தான் பேசியது. இப்போது கிளப்பினால் யாரோ பக்கத்து அறையில் இருமுவதுபோல் இருக்கிறது. ஜாலான் புசார் பட்டறைக்குப் போய் ஹனீபாவிடம் காட்டினேன். முறுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணே, சைலென்சர்ல ஒரு அடைப்பும் இல்ல" என்று என் காதருகே வந்து கத்தினான். இவன் ஏன் கத்துகிறான்?

என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? யாரிடமும் படிக்காமல், கழற்றி மாட்டியே என்ஜினைக் கற்றவன் நான். கம்பெனிக்காரன் உள்ளே ஏதோ வைத்து அமுக்குகிறான்.

மார்ச் 8, சனி

கார் பார்க்கில் உட்கார்ந்து சைலென்சரைக் கழற்றினேன். பின்முனையில் இருந்த தடுப்புக் குழாயை உருவி, சத்தத்தை அமுக்க உள்ளே சுற்றியிருந்த பஞ்சில் பாதியை எடுத்தேன். பரவாயில்லை. ஆனால் பற்றாது.

வள்ளிநாயகி ஏதோ சொன்னாள். இந்த வீட்டில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். கட்டிய மனைவியாவது வாயைத் திறந்து பேசக்கூடாதா?

மார்ச் 15, சனி

மீதிப் பஞ்சும் போயிற்று. உள்தகட்டில் துளைகளும் போட்டேன். இப்போதுதான் வண்டி, வண்டி மாதிரி இருக்கிறது.

இரண்டாம் மாடி வெங்கட் லிஃப்ட் வாசலில் மறித்தான். "அங்கிள், ப்ளீஸ் லா! உங்க வண்டி வந்தாலே பாப்பா அலறிக்கிட்டு எந்திரிக்குது."

"பக்கத்துல எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டுறான். அவன்கிட்ட போய்க் கேளேன்!"

என்னிடம் மட்டும்தான் வருவார்கள்.

மார்ச் 24, திங்கள்

போக்குவரத்து ஆணையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வண்டிச் சத்தம் பற்றிப் புகாராம். சோதனைக்குக் கொண்டுவர வேண்டுமாம். தேறாவிட்டால் ரோட்டில் ஓட்டக் கூடாது. வெங்கட்தான்! வேறு யார்?

போனில் மயூரா: "வண்டிய வித்துடுங்கப்பா. எங்க போகணும்னாலும் நான் கார்ல கொண்டுபோய் விடறேன்." பெற்ற மகளே!

விடிகாலையில் பாசிர் ரிஸ்ஸில் கிளம்பி, தீவின் மறுகோடியில் இருக்கும் துவாஸ் வேலைக்கு யார் தயவும் இல்லாமல் போய்வருகிறேன். வண்டியும் போனால் நான் யார்? மகள் ஏற்றி இறக்கும் பார்சலா? விடமாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

சோதனை. ஹனீபாவும் வந்தான். வண்டிக்குப் பின்னால் மைக்கை நிறுத்தி, யாமினி என்ற அதிகாரி முறுக்கச் சொன்னாள். தேறவில்லை. மீட்டர் கோளாறு என்றேன். வேறு மீட்டர் கொண்டுவந்தாள். அதிலும் தேறவில்லை. அந்த மீட்டரும் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பெண் காதில் அடைப்பான். ஹனீபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான். அடுத்த வரிசையில் காத்திருந்தவர்கள்கூட. குழாய்க்குப் பக்கத்தில் கைகட்டி நின்றவன் நான் ஒருவன்தான்.

திரும்பும் வழியில் ஹனீபா எதுவும் பேசவில்லை — பேசினானா?

ஏப்ரல் 3, வியாழன்

எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

காது டாக்டர். வலது பெரும்பாலும் போய்விட்டது, இடது பாதி. "எவ்ளோ நாளா இப்படி, அங்கிள்?" கொஞ்சம் கொஞ்சமாகப் போனது எனக்கு எப்படித் தெரியும்? மயூரா அழுதாள். "செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். அறையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கக் காதுக் கருவி ஒன்று கொடுத்தார்கள். வறுத்த கடலைபோல் ஒன்று. நானாவது, அதைப் போட்டுக்கொள்வதாவது! அலமாரியில் எறிந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

ஹனீபா தேடிக்கொடுத்த அசல் சைலென்சரோடு வண்டி வியாழனன்று தேறிவிட்டது. ஆனால் என் காதுக்கு மறுபடியும் அதே இருமல். சந்தேகம் தீரட்டும் என்று, யாரும் பார்க்காதபோது கருவியை மாட்டிக்கொண்டு கார் பார்க்கில் கிளப்பினேன்.

கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கம்பெனிக்காரனைப் பற்றி எழுதியதை அடிக்கப்போவதில்லை. வேறு ஏதாவது செய்திருப்பான்.

கருவியைக் கழற்ற மறந்து மேலே வந்துவிட்டேன். வள்ளிநாயகி எனக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குரலைக்கூட உயர்த்தவில்லை: "வந்துட்டாரு, ஊரோட சண்டைக்கு நிக்கிற கெழவன். இனி டீ கேப்பாரு."

"கேக்கல" என்றேன். "டீ வேணாம்."

கத்தி நின்றது. மெல்லத் திரும்பி என் காதைப் பார்த்தாள்.

எத்தனை காலமாக நடக்கிறது இது? என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால்கூட இல்லை, என் முன்னாலேயே! நாளை எழுந்ததும் முதல் வேலையாகக் கருவியை மாட்டிக்கொள்வேன். இனி ஒரு வார்த்தை தப்பாது.