மாஞ்சரி வயலுக்கு மகரந்தம்

2000 ஜனவரி 7, வெள்ளி. காலை 11.20. எண்ணிக்கை 33.

புது நாற்றுகளின் மூன்று ஸ்லைடு, மூன்றிலும் முப்பத்து மூன்று. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் மில்ட்ரெட் எண்ணினாள், பிறகு நான் எண்ணினேன். நான் எண்ணியதை நம்பாமல் அவள் மறுபடி எண்ணினாள். சாதாரணத் தர்பூசணிக்கு இருபத்திரண்டு குரோமோசோம். மருந்து வைத்து நாங்கள் இரட்டிப்பாக்கிய அம்மா ரகத்துக்கு நாற்பத்து நான்கு. அம்மாவிடமிருந்து பாதி, அப்பா ரகத்திடமிருந்து பாதி: இருபத்திரண்டும் பதினொன்றும் முப்பத்து மூன்று. இரண்டு வருஷ உழைப்பு ஒரு கூட்டல் கணக்கில் முடிந்தது. ஆய்வகமே டீ குடித்தது.

இந்த நாற்றுகள் பழம் தரும், விதை தராது. மகரந்தமோ சூலோ உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு பிரிந்து, பாதியாக வேண்டும். பள்ளியில் குன்றல் பகுப்பு என்று மனப்பாடம் செய்தது. ஒவ்வொன்றும் மும்மூன்றாக இருந்தால் எப்படி ஜோடி சேரும்? "எங்க கிர்க்கி சர்ச் ஹால்லே கிறிஸ்மஸ் டான்ஸ் மாதிரிதான்" என்றாள் மில்ட்ரெட். "மூணு பேர் வந்தா ரெண்டு பேர் ஆடுவாங்க. ஒருத்தர் சுவரைப் பிடிச்சிட்டு நிக்கணும், பாவம் பிச்சாரா." அப்படி நிற்பவை தாறுமாறாக ஏதோ ஒரு பக்கம் போகும். கணக்கு உதைக்கும். விதை கட்டாது.

ரவிசந்திரன் சார், எங்கள் விதைக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர், ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. ஏப்ரலில் முதலாளி வருவார், பழத்தை வெட்டிக் காட்டு, இல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிடலாம் என்றார். மூடினால் எனக்கு அகோலா, விற்பனைப் பிரிவு. மில்ட்ரெட்டுக்கு அதுவும் கிடையாது. அவள் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. குரோமோசோம் எண்ண வேண்டாமென்றால் அவளும் வேண்டாம். அவள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தம்பி ஆஸ்டின் இன்னும் காலேஜில் படிக்கிறான். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 16, ஞாயிறு

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. நேற்றும் இன்றும் மாஞ்சரியில் நடவு. என் அறை இருக்கும் சாங்வியிலிருந்து ஸ்கூட்டரில் புனே நகரையே குறுக்கே கடந்து போக வேண்டியிருக்கிறது. மகர்பட்டாவில் கரும்பு வெட்டிய நிலத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். டவுன்ஷிப் வருகிறதாம். வரட்டும், சாலை கிடைக்கும்.

இந்த வயலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வேறு தர்பூசணி கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர் பாபுராவ் மட்டும் கால்வாய் ஓரத்தில் வீட்டுக்கென்று கொஞ்சம் கலிங்கட் கொடி விட்டிருந்தார். தர்பூசணிக்கு இங்கே அதுதான் பெயர். வெளி மகரந்தம் வரக்கூடாது, விதைக் கம்பெனியின் முதல் பாடம் அது என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். அவர் யோசிப்பதற்குள் நானே பிடுங்கி வரப்பில் போட்டேன். பதிலுக்கு மிளகாய் நாற்று கொடுத்தேன். மனுஷர் கொடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்றை வாங்கிக்கொண்டார்.

சுத்தமான வயல். திருப்தி.

பிப்ரவரி 6, ஞாயிறு

மாயவரத்திலிருந்து அம்மா போன். ஜாதகம் ஒன்று வந்திருக்கிறதாம். "பத்துல எட்டு பொருந்தறதுடா. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

ஒவ்வொரு மனுஷனும் அவன் அப்பா அம்மாவிடமிருந்து பாதிப் பாதி வாங்கி, அதையும் சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைத்து, தன் பிள்ளைக்குப் பாதி கொடுக்கிறான். எந்தப் பாதி போகும் என்று எவனுக்கும் தெரியாது. எனக்கு வந்தது அப்பாவின் மூக்கு, அம்மாவின் அவசரம். எட்டுப் பொருத்தத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? இதைத்தான் சொன்னேன். அம்மா போனை வைஷுவிடம் கொடுத்துவிட்டாள். தங்கை சிரித்துவிட்டு, "அண்ணா, நீ கல்யாணத்தன்னிக்கும் லெக்சர்தான் அடிப்பே" என்றாள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

பூ. நன்றாக, நிறைய. ஆண் பூ, பெண் பூ இரண்டும். பெண் பூவுக்குக் கீழே கடுகை விடக் கொஞ்சம் பெரிய குட்டித் தர்பூசணி, ரோமத்தோடு. மில்ட்ரெட்டிடம் சொன்னேன். அடுத்த வருஷம் ஒரு ஏக்கர் போடலாம் என்று வேறு சொன்னேன்.

பிப்ரவரி 25, வெள்ளி

பெண் பூக்கள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஒரு பிஞ்சு நிற்கவில்லை. போரான் சத்துப் பற்றாக்குறை. தெளித்தாயிற்று. வார ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, திங்கள்

போரான் இல்லை. தண்ணீரும் இல்லை. தேனீ இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், பூவுக்குப் பூ போகிறது. பின்னே என்னதான்யா?

சொட்டுநீர்க் குழாய் போட்டவனைத் திட்டினேன். அவன் மேல் தப்பில்லை.

மார்ச் 1, புதன்

கழுதை. நான்தான்.

உதிராமல் இருந்த ஆண் பூக்களைக் காலையில் ஆய்வகத்துக்கு எடுத்து வந்து மில்ட்ரெட்டிடம் கொடுத்தேன். நோய் ஏதாவது தெரிகிறதா பார் என்றேன். அவள் மகரந்தத்தைச் சாயத்தில் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நல்ல மகரந்தம் சிவப்பாக உருண்டு தெரியும். இதில் எல்லாம் சப்பை, வெறும் தோல். எதிர்பார்த்ததுதானே, முப்பத்து மூன்று பாதியாகாது என்றேன்.

"சரி, காலி" என்றாள். 'நீங்க' அவள் வாயில் வராது. புனேயிலேயே வளர்ந்தவள், வீட்டுத் தமிழ், எல்லோருக்கும் 'நீ' தான். "பின்ன நீ அந்தப் பூவுக்கு மகரந்தம் எங்கேருந்து குடுக்கறே?"

"எதுக்கு? விதைதான் வேண்டாமே."

"விதை நக்கோ. பழம் வேணும்ல?"

மைக்ராஸ்கோப்பில் நான் மறுபடி குனிந்து பார்த்தேன். சப்பைதான். அவள் சிரிக்காமல் இன்னொரு ஸ்லைடைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால் தேவலை.

எனக்குத் தெரிந்த விஷயம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். விதை கட்டாவிட்டாலும் நல்ல மகரந்தம் சூல்முடியில் விழுந்து முளைத்தால்தான் பிஞ்சு வீங்க ஆரம்பிக்கும். அந்தத் தூண்டுதல் இல்லையென்றால் செடி பூவை உதிர்த்துவிடும். அதனால்தான் உலகத்தில் எல்லோரும் விதையில்லாத் தர்பூசணிக்கு நடுவே மூன்றுக்கு ஒரு வரிசை சாதாரணத் தர்பூசணி நடுகிறார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு கிலோமீட்டருக்கு அது இல்லாத இடமாகப் பார்த்து நட்டேன். இருந்த நாலு கொடியையும் பிடுங்கினேன். நாலு வருஷமாக விதை வயல்களைக் காவல் காத்த பழக்கம். தேனீக்கள் என் சுத்தமான வயலில் சப்பை மகரந்தத்தைச் சுமந்து அலைந்திருக்கின்றன.

மாலை பாபுராவிடம் போய், எங்காவது ஒரு கொடி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று விளக்க வேண்டியதாயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையை நீயே அடித்து விரட்டிவிட்டு முகூர்த்தத்துக்கு ஆள் தேடி வந்திருக்கிறாயே என்றார். மராத்தியில் அது இன்னும் மோசமாக இருந்தது. கொடி ஒன்றும் இல்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டு அதே கதையைச் சொல்லி மறுபடி சிரித்தார்.

மார்ச் 2, வியாழன்

வழி இருக்கிறது. ஔந்தில் எங்கள் ஆய்வகத்துக்குப் பின்னால் பாலிஹவுஸ் கூடாரத்தில் அப்பா ரகக் கொடிகள் வலையில் ஏறி நிற்கின்றன. ஆண் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆண் பூவோ பெண் பூவோ திறந்திருப்பது ஒரு காலைப்பொழுது மட்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் வெயிலில் சூல்முடி காய்ந்துவிடும். மில்ட்ரெட் சொன்னது: மாலையில் மறுநாள் திறக்கப்போகிற மொட்டுகளை அவள் பறித்து, ஈரத் துணி போட்ட டிபன் டப்பாவில் வைத்துக் கொடுப்பாள். நான் இரவு வைத்திருந்து விடியலில் மாஞ்சரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ஆனா டப்பாவைத் திருப்பிக் கொண்டா. மம்மியோடது. டப்பா தொலைஞ்சா வேலை போறதை விட பெரிய பிரச்சினை."

மார்ச் 3, வெள்ளி

5.30-க்குக் கிளம்பினேன். ஆண் பூவின் இதழ்களைப் பின்னுக்கு மடித்து, பெண் பூவில் மெதுவாகத் தேய்த்து, காம்பில் சிவப்புக் கம்பளி நூல் கட்ட வேண்டும். நூலும் மில்ட்ரெட்டின் அம்மாவுடையது, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சியது. முதல் பத்துப் பூவில் நான் தேய்த்த வேகத்தில் நாலு ஒடிந்தன. பொறுமை வேண்டும். எங்கே வாங்குவது?

மார்ச் 7, செவ்வாய்

நூல் கட்டியதில் ஆறு உதிரவில்லை. நெல்லிக்காய் அளவு. மின்னுகின்றன.

மார்ச் 8, புதன்

மில்ட்ரெட் நெற்றியில் சாம்பலோடு வந்தாள். தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை இனிப்பு எதையும் தொடமாட்டாளாம். டீயிலும் சர்க்கரை கிடையாது. பழம்? "மீட்டா மீட்டாதான். பழமும்தான்." இனிப்புக்கு அவள் வார்த்தை அது.

ஆறு பிஞ்சு என்று சொன்னேன். சிரித்தாள். போன புதன்கிழமைக்கும் சேர்த்து.

மார்ச் 11, சனி

இவ்வளவு பூவை ஒருவன் ஒன்பது மணிக்குள் முடிக்க முடியாது. மில்ட்ரெட் இன்று வந்தாள். கிர்க்கியில் அவள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். அவள் அப்பா ஜார்ஜ் விடியலில் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, கேட்டருகே நின்றார். வேகம் எவ்வளவு போகும் என்று ஸ்கூட்டரைக் கேட்டார். என்னையல்ல.

வழியெல்லாம் டப்பா அவள் மடியில். ஹடப்சர் தாண்டியதும், ஏன் இந்தச் செடியெல்லாம் இவ்வளவு கஷ்டப்பட வேண்டும், ஒரு தண்டை ஒடித்து நட்டால் வளராதா என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான். அப்படி நட்டால் திரும்பத் திரும்ப அதே செடிதான் வரும், புதுசாக ஒரு நோய் வந்தால் ஒன்று விடாமல் எல்லாம் போகும் என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து, "எல்லாரும் உன்னை மாதிரியே இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எல்லா வயலும் சுத்தமாக இருக்கும். ஒரு பழமும் இருக்காது.

அவள் கைக்கு ஒரு பூவும் ஒடியவில்லை.

மார்ச் 20, திங்கள்

நேற்றோடு கை மகரந்தம் முடிந்தது. இன்று ஹோலி. பாபுராவ் என்னை நீலமாக்கிவிட்டார். தர்பூசணியில் கை வைக்கக்கூடாது என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொம்பத்தான் கிராக்கி என்றார்.

ஏப்ரல் 3, திங்கள்

பழங்கள் கால்பந்து அளவு. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அம்மா போன் செய்தாள். அந்த ஜாதகத்துக்காரர்கள் பதில் கேட்கிறார்களாம். ஏப்ரல் முடியட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 18, செவ்வாய்

முதலாளி வந்தார். ரவிசந்திரன் சார் கொடிகளைப் பார்த்ததும், செடிக்கு ஒரு பழம் கூடத் தேறாது போலிருக்கிறதே, ஏன் என்றார். வெயில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியது. மில்ட்ரெட் பக்கத்தில் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் மகரந்தத்துக்கு வரிசை நடவில்லை, என் தவறு, கண்டுபிடித்தது மில்ட்ரெட் என்றேன்.

"ரிப்போர்ட்ல போரான்னு எழுதியிருந்தியே?"

"அதுவும் தவறு சார்."

அவர் முகம் போன போக்கில் அகோலா பஸ் ஸ்டாண்டே தெரிந்தது. அதற்குள் முதலாளி பழத்தைத் தட்டிப் பார்த்து வெட்டச் சொல்லிவிட்டார். மில்ட்ரெட் வெட்டினாள். உள்ளே விளிம்பு வரை சிவப்பு. வெள்ளரிப் பிஞ்சில் இருக்குமே, அது மாதிரி மெல்லிய வெள்ளைத் தோல்கள் மட்டும் அங்கங்கே. கறுப்பு விதை ஒன்றுகூட இல்லை. முதலாளி மூன்று துண்டு சாப்பிட்டார். நாலாவதை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எவ்வளவு போடலாம் என்றார். எனக்கு முன்னால் ரவிசந்திரன் சார் "ஒரு ஏக்கர்" என்றார்.

பாபுராவ் வேலி ஓரத்திலிருந்து வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் வாயைக் குவித்தார், துப்ப ஒன்றும் இல்லை. ருசி சரி, ஆனால் வேலை குறைச்சல் என்றார்.

மில்ட்ரெட் தொடவே இல்லை. எல்லோரும் வற்புறுத்தினார்கள். ஞாயிறு வரை நோ என்றுவிட்டாள். இரண்டரை வாரம் அவள் நிரப்பிக் கொடுத்த டப்பா, அவள் கட்டிய நூல், எவன் எவனோ தின்கிறான். என் துண்டையும் பாபுராவிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, வியாழன்

மில்ட்ரெட்டின் ஒப்பந்தம் ஒரு வருஷம் நீட்டிப்பு. எனக்கு அகோலா இல்லை, ஒரு திட்டுக் கடிதம் உண்டு. நியாயம்தான். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "காலியாவா குடுப்பாங்க?" என்றாள்.

ஏப்ரல் 22, சனி

மாஞ்சரிக்குத் தனியாகப் போய் சிவப்பு நூல் இருந்ததிலேயே நல்ல பழமாகப் பார்த்துப் பறித்தேன். காம்புக்கு எதிரே பற்றுக்கம்பி காய்ந்திருக்கிறது, அடி மஞ்சளாகியிருக்கிறது, பழுத்துவிட்டது. நூலை அவிழ்க்கவில்லை. இப்போது அறையில் ஈரச் சாக்குக்குள் இருக்கிறது. அறை நண்பன் கத்தியோடு இரண்டு முறை சுற்றி வந்தான்.

நாளை ஈஸ்டர். செய்ய வேண்டியவை:

1. பழத்தோடு கிர்க்கி. அவர்கள் சர்ச்சிலிருந்து வர ஒன்பதாகும். ஏழு மணிக்கே போய் கேட்டில் நிற்காதே.
2. முதல் துண்டு மில்ட்ரெட்டுக்கு. எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அவளே சொல்வாள்.
3. வரும் வழியில் பாபுராவுக்குப் போன்: அடுத்த ஜனவரியில் வரப்பு முழுக்கக் கலிங்கட் போடச் சொல். விதை நான் கொடுப்பேன். ஒன்றையும் பிடுங்கமாட்டேன்.
4. அடுத்த வருஷ நடவுப் படம், மூன்றுக்கு ஒரு வரிசை அப்பா ரகத்தோடு. நடவுக்கு முன் மில்ட்ரெட் பார்க்க வேண்டும்.
5. அம்மாவுக்குப் போன். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல். ஏன் என்று கேட்டால் மில்ட்ரெட்டின் பெயரைச் சொல். கத்துவாள். அப்பாவையும் லைனில் வைத்துக்கொள்.
6. ஐந்தாவதற்கு முன்னால் மில்ட்ரெட்டைக் கேட்க வேண்டுமே. அதை எழுதவே இல்லை. மறுபடியும் அதே தப்பு. இரண்டாவது முடிந்ததும் கேள், வாயில் இருப்பதை அவள் விழுங்கிய பிறகு.