கிழிந்த பாரோங்கும் நான் சொன்ன சாட்சியும்

அன்பு மச்சான் டானி,

வழக்கு முடிந்துவிட்டது. உன்னைக் குத்தினவனுக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் கொலைக்கு இல்லை. வேண்டுமென்று கொல்லவில்லை, கைகலப்பில் நடந்துவிட்டது என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு என்ர வாயும் ஒரு காரணம் என்று உன்ர மனுசி, என்ர தங்கச்சி வதனா, நினைக்கிறாள். எனக்கும் அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

நீ தமிழ் கதைப்பாய், வாசிக்கத் தெரியாது. ஆகவே இதை மற்ற ஆக்கள்தான் வாசிக்கப்போகினம். வாசிக்கட்டும். கோர்ட்டில் பாதிதான் கேட்டார்கள். மிச்சப் பாதியை எங்கட லண்டன் சனம் இல்ஃபோர்டில் ஒரு கதையாகவும் ஈலிங்கில் வேறு கதையாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

உன்ர கலியாண நாளில் இருந்து தொடங்குகிறேன். மண்டப வாசலில் தண்ணிச் செம்போடு நின்றது நான். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேண்டும். அதுதான் எங்கட முறை. நீ காரை விட்டு இறங்கினாய். அன்னாசி இலை நாரும் பட்டும் சேர்த்து நெய்த, தும்பிச் செட்டை மாதிரி மெல்லிசான சட்டை, பாரோங் என்று பெயராம். உள்ளே போட்ட பெனியன் அப்படியே தெரிந்தது. சட்டையை உள்ளுக்கு விடவும் இல்லை.

எங்கட பெரியப்பா எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். "யோகன், மாப்பிள்ளை படுக்கையால எழும்பி நேர வந்திருக்கிறார் போல. பாவம், கழுவு காலை, நல்லாத் தேய்ச்சுக் கழுவு!"

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்ர பிடரியில் ஏறியது. ஏற்கெனவே எங்கட ஆளில்லாத ஒருத்தனுக்குக் குனியவேண்டியிருக்கே என்ற எரிச்சல் எனக்கு. உன்ர நாட்டில் மாப்பிள்ளைமார் போடுகிற மிக உயர்ந்த உடுப்பு அது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எங்களை நக்கலடிக்கத்தான் இப்படி வந்திருக்கிறாய் என்று முடிவுகட்டி, கையில் இருந்த பித்தளைச் செம்பால் உன்ர முகத்தில் அடித்தேன். இரண்டாம் தரம் அடிக்கக் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தேன். தோள்மூட்டு வரைக்கும் சர்ரென்று கிழிந்தது. நீ கையை ஓங்கியதை நான் காணவில்லை. தெரிந்ததெல்லாம் என்ர வாய் நிறைய இரத்தமும் நாக்கில் கிடந்த ஒரு பல்லும்தான்.

பிறகு எல்லாருமாய்ச் சேர்ந்து ஒரு பொய் சொன்னோம். சட்டை கார்க் கதவில் மாட்டிக் கிழிந்ததாம், நாங்கள் இரண்டு பேரும் படியில் சறுக்கினதாம். உன்ர நாட்டில், இலோய்லோவில் இருக்கிற உன்ர அம்மாவுக்கு அதையே நீ போனில் சொன்னாய். சட்டை அவ வாங்கி அனுப்பினது.

இரண்டு கிழமைக்குப் பிறகு கடைக்கு வந்து அந்தச் சட்டையை என்ர மேசையில் போட்டாய். "மச்சான், கிழிச்சது நீ. தை."

லண்டனில் பன்னிரண்டு வருசம் ட்ரை கிளீனிங் கடை நடத்தினவனுக்கு நீ வகுப்பெடுத்தாய். மெஷினில் போடக்கூடாது, பிழியக்கூடாது, ஈரத்தோடு கொழுவக்கூடாது, காரம் கூடின பவுடர் ஆகவே ஆகாது, மேலே பருத்தித் துணி விரிக்காமல் அயன் பண்ணக்கூடாது.

"அப்ப என்னத்தைத்தான்டா செய்யிறது? கும்பிடுறதோ?"

"ஓம். கும்பிட்டுட்டுப் பச்சைத் தண்ணியில போடு."

"அதென்ன, சட்டையை உள்ளுக்கு விட்டா என்ன குறைஞ்சிடும்?"

"நீ வேட்டியைக் காற்சட்டைக்குள்ள விடுவியோ?"

அன்று ஒரு பல் குறைந்த வாயால் சிரித்தேன். பட்டு நூலால் நானே இழையோட்டித் தைத்தேன். நூல் கொஞ்சம் வெள்ளை கூடிவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும். நீ அதையே ஒவ்வொரு விசேசத்துக்கும் போட்டாய். ஒவ்வொரு தரமும் நான்தான் கழுவினேன், வேறு ஒருவரையும் தொட விடவில்லை.

நீ குத்துப்பட்ட அந்தச் சனிக்கிழமை உன்னோடு வேலை செய்கிற நேர்ஸ் ஒருத்தியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நீ, அதனால் பாரோங். திரும்பி வரும்போது என்ர கடைக்கு எதிரே பஸ் தரிப்பில் நின்றாய். இரண்டு ஆம்பிளைகள் சத்தம்போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் மற்றவனை நிலத்தில் போட்டு மிதித்தான். நீ நடுவில் போனாய். அதே நேரம் ஒரு பஸ் வந்து நின்று எனக்கும் மறைத்தது, கமெராவுக்கும் மறைத்தது. பஸ் போனபோது நீ முழங்காலில் இருந்தாய். ஏன் போனாய், மச்சான்? வளர்ந்த ஆக்கள்தானே, அடிபட்டுச் சாகட்டும் என்று விட்டிருக்கலாமே?

நான் ஓடிவந்து காயத்தை இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலுக்கிடையால் சுடச்சுட வந்தது. அம்புலன்ஸ்காரி கத்தரிக்கோலோடு வந்தாள். பாரோங்குக்கு நெஞ்சு வரைக்கும்தான் பொத்தான், தலைவழியாகத்தான் கழற்றவேண்டும். அவள் வெட்டப் போக நான், "வெட்டாதையுங்கோ, நான் கழட்டுறன்" என்று அவளின் கையைப் பிடித்தேன். அவள் என்னை நெஞ்சில் தள்ளிவிட்டு வெட்டினாள். நீ செத்துக்கொண்டிருந்தாய், நான் துணியைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அந்த நொடிக்காக ஒருவரும் என்னை விசாரிக்கவில்லை.

பொலிஸ், சட்டையில் மூன்று சேதம் என்று எழுதியது: கத்தி போன ஓட்டை, கத்தரிக்கோல் வெட்டு, தோளில் பிரிந்துபோன ஒரு பழைய தையல். தோளைப் பற்றி என்னைக் கேட்டபோது வாய்ப்பழக்கத்தில் கார்க் கதவு என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

குத்தினவன், அந்த மிதித்தவன், சொன்ன கதை இது: "டானிதான் முதலில் என்ர கழுத்தைப் பிடித்தான், அடித்தான், நான் என்னைக் காப்பாற்றத்தான் குத்தினேன்." அவனுடைய லோயர் சாட்சிக் கூண்டில் நின்ற என்னிடம் சட்டையின் படத்தை நீட்டினார். கார்க் கதவு கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்குமா? துணி ஆய்வாளர் அது கையால் இழுபட்ட கிழிசல் என்கிறாரே? யார் கிழித்தது?

மேலே பார்வையாளர் வரிசையில் வதனா. சுற்றிவர எங்கட சனம்.

"நான்தான் கிழிச்சனான்" என்றேன். "அவரின்ர கலியாணத்தன்று. செம்பாலயும் அடிச்சனான்."

"அவர் என்ன செய்தார்? திருப்பி அடித்தாரா?"

வதனா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். நான் வியாபாரி, மச்சான். ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிறவன். என்னைப் பெரிய சத்தியவான் என்று நினைக்காதே. முதல் பொய் ஐந்து நிமிசத்துக்கு முதல்தான் பிடிபட்டது. இரண்டாவதும் பிடிபட்டால் என்ர சாட்சி முழுதும் குப்பை, அவன் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பெரியப்பா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் முடிந்தது.

"அடிச்சவர். ஒரு அடி."

"பல் உடைந்ததா?"

"ஓம்."

"நன்றி. வேறு கேள்வி இல்லை."

நான் மேற்கொண்டு சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார். எங்கட பக்கத்து லோயரும் எழும்பவில்லை. அவ்வளவுதான். கைவைத்தால் திருப்பி அடிக்கிற ஒருத்தனாக நீ அங்கே மிஞ்சினாய்.

அவர்கள் கேட்காத பாதி இது. நான் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி உன்னில் பாய வந்தேன். நீ கையைக் கீழே விட்டாய். மூக்கால் இரத்தம் ஒழுக, செம்பை நிலத்தில் இருந்து எடுத்து என்ர கையில் தந்தாய். "காலைக் கழுவு, மச்சான். அவ உள்ளுக்குக் காத்துக்கொண்டிருக்கிறா." சப்பாத்தைக் கழற்றி நின்றாய். நான் குனிந்தேன். தாம்பாளத்தில் விழுந்த இரத்தம் யாருடையது என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் ஒழுகியது. கழுவி முடிய மோதிரத்தை என்ர விரலில் போட்டாய். நான் அடித்ததற்கு நீ ஒன்று அடித்தாய். நான் திரும்ப அடிக்க வர, நீ நிறுத்தினாய். பஸ்ஸுக்குப் பின்னால் நீ செய்யப் போனதும் அதைத்தான் என்று எனக்குத் தெரியும். அதை எந்தக் கோர்ட்டில் நிரூபிக்கிறது?

தீர்ப்புக்குப் பிறகு வதனா என்னோடு கதைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வந்தாள். பொலிஸ் திருப்பித் தந்த பேப்பர்ப் பையை மேசையில் வைத்தாள்.

"ஏன் அண்ணை, வாயை மூடிக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சோ?"

"இரண்டாம் பொய்யும் பிடிபட்டிருந்தா அவன் தப்பியிருப்பான், வதனா."

"தெரியும். அது தெரிஞ்சபடியாத்தான் இஞ்ச வந்தனான். மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதையுங்கோ. இலோய்லோவில இருந்து மாமி சட்டையைக் கேக்கிறா. இதைக் கழுவுங்கோ."

இரத்தம் காய்ந்து துணி மட்டை மாதிரி நின்றது. கறையைத் தின்கிற பவுடர் பட்டு இழையையும் தின்னும். ஆகவே வெறும் பச்சைத் தண்ணி, உப்பு, பொறுமை. மூன்று நாளில் இருபத்தொரு தரம் தண்ணி மாற்றினேன். கத்தி போன இடத்தைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு நிழல் மிஞ்சியிருக்கிறது. அதையும் எடுக்க வழி இருக்கிறது, எடுத்தால் துணி போய்விடும். தைக்கவும் இல்லை. மூன்று சேதமும் இருந்தபடியே இருக்கிறது.

இலோய்லோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மச்சான். உன்ர அம்மா இன்னும் கார்க் கதவைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறா. சட்டையை அவவின் கையில் வைத்துவிட்டு முன்னால் நிற்பேன், அடித்தால் வாங்குவேன். அவ கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுவேன். கேட்காததையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உன்ர மச்சான்,
வதனாவின் அண்ணன் யோகன்
கோலியர்ஸ் வுட்