பப் பார்க்கப் போன வருடம்

14 மார்ச் 2005, திங்கள்

கெல்கர் மேடம் இன்று இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். முதுகெலும்பில் ஏதோ தட்டு விலகிவிட்டதாம். இப்போதைக்கு விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொன்ன கையோடு, "ஃபஹ்மிதா, டப்ளினுக்கு நீ போ" என்றார். கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்பது போல.

இங்கே கோரேகாவ் பார்க்கில் ஒரு ஹோட்டல்காரர் தரைத்தளத்தில் ஐரிஷ் பப் கட்டப்போகிறார். உள் அலங்காரம் எங்கள் கம்பெனி. பம்பாயில் இருப்பது மாதிரி போலி வேண்டாம், அசல் வேண்டும் என்கிறார். டப்ளினில் பழைய பப்புகளைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே டூர் நடத்துகிறார்களாம். அதில் போய்ப் பார்த்து, அளவெடுத்து, வரைந்துகொண்டு வர வேண்டும்.

நான் எந்த பாரின் வாசற்படியையும் தாண்டியதில்லை என்று சொன்னேன். "ரொம்ப நல்லது, அப்போ எல்லாமே புதுசாத் தெரியும்" என்றார் மேடம்.

போக ஆசையாக இருக்கிறது. ஆபீஸில் இங்கிலீஷ், கடைத்தெருவில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் மராட்டி. தமிழில் உண்மையைச் சொல்ல இந்த டைரி ஒன்றுதான். அதனால் இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். போக ஆசையாக இருக்கிறது.

15 மார்ச்

வாப்பாவிடம் எப்படிச் சொல்வது?

18 மார்ச், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"ஹோட்டல் வேலைன்னு மட்டும் சொல்லுளா, அது பொய்யில்லையே" என்று உம்மா காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். எனக்கு மனம் வரவில்லை. ஜும்மா முடிந்து வந்து வாப்பா சாப்பிட உட்கார்ந்தபோது முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊத்திக் குடுக்கிறவன், சுமந்துட்டுப் போறவன், விக்கிறவன், எல்லாருக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டு. உக்கார பெஞ்சு செஞ்சு குடுக்கிறவளுக்கு மட்டும் இல்லேன்னு நினைக்கியா?"

சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டதா? "நம்ம கடை பிளைவுட் எத்தனை பர்மிட் ரூம் பார்ல இருக்கு வாப்பா? வாங்க வர்றவன்கிட்ட எதுக்குன்னு கேட்டா விக்கிறீங்க?"

கீழே கடை, மேலே வீடு. ஊரைவிட்டு இந்தப் போபோடிக்கு வந்ததிலிருந்து வாப்பா விற்ற ஒவ்வொரு பலகையின் மேலும் அந்தக் கேள்வி போய் விழுந்தது மாதிரி இருந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

2 ஏப்ரல்

இன்னும் பேசவில்லை. என் முன்னால் உட்கார்ந்துகொண்டே உம்மாவிடம் கேட்கிறார்: "அவ நாஷ்தா தின்னாளா?" நான் உம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன்: "தின்னுட்டேன்னு சொல்லு." உம்மா சட்னிக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

7 மே

விசா, டிக்கெட் எல்லாம் வந்துவிட்டது. பெட்டி கட்டும்போது உம்மா கேட்டாள். "பப்புன்னா என்னளா? பர்மிட் ரூமா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"அதைப் பாக்கத்தான உம்மா போறேன்."

இதைச் சொன்னபோது வாப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரமாகப் பக்கம் திருப்பவே இல்லை.

10 மே, டப்ளின்

சாயங்காலம் முழுக்க நடந்தேன். கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆற்றுப் பாலத்தடியில் ஒரு கூட்டமாகச் சேர்ந்தோம். அமெரிக்கக் கணவன் மனைவி, ஜெர்மன்காரர்கள் சிலர், தலையில் முக்காடு போட்ட நான். எங்கள் வழிகாட்டியின் பெயர் டெக்லன். என் வயதுதான் இருக்கும். நாடக நடிகனாம், நாடகம் இல்லாத நாட்களில் இந்த வேலை. மெலிந்த உடம்பு, சத்தமான குரல். என்னைப் பார்த்து அவன் ஒரு நொடி திகைத்தது தெரிந்தது. "நான் குடிக்க வரவில்லை, கட்டடம் பார்க்க வந்தேன்" என்றேன். "நல்லது, பில் குறையும்" என்றான்.

முதல் பப்பின் வாசலில் நின்றுவிட்டேன். பள்ளிவாசலுக்குள் வலது காலை முதலில் வைக்க வேண்டும், கழிப்பறைக்கு இடது கால். சின்ன வயதிலிருந்து பழகியது. இதற்கு எந்தக் கால்? யோசிக்கிறதற்குள் பின்னாலிருந்த ஜெர்மன்காரர் இடித்துவிட்டார், ஏதோ ஒரு கால் உள்ளே போய்விட்டது.

நான் எதிர்பார்த்தது இருட்டும் புகையும். புகையே இல்லை. போன வருடத்திலிருந்து உள்ளே சிகரெட் தடையாம், பிடிப்பவர்கள் வெளியே மழையில் நின்றார்கள். சுவரெல்லாம் கறுத்த மரம். நூற்றைம்பது வருடப் பழைய பலகை என்று டெக்லன் கைவீசிச் சொன்னான். நான் ஓரமாகப் போய் விளிம்பை நகத்தால் தடவினேன். பிளைவுட். மேலே மெல்லிய மரத்தோல் ஒட்டி, சாயம் ஏற்றி, பழசு மாதிரி சங்கிலியால் அடித்து வடு உண்டாக்கியிருக்கிறார்கள். பிளைவுட் கடைக்காரர் மகளிடமா? வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "ஏழெட்டு வருஷம் முன்னாடி புதுசாப் போட்டது. அமெரிக்காக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க, பாவம்."

போலி வேண்டாம் என்று கோரேகாவ் பார்க்கிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். இங்கேயே போலி இருக்கிறது.

இரண்டாவது நிஜமாகவே பழையது. கவுன்டரின் மேல் முகமளவு உயரத்தில் பூவேலைக் கண்ணாடித் தடுப்புகள். பக்கத்தில் குடிப்பவன் யாரென்று தெரியாமல் இருக்க. குடிப்பதற்கு இவர்களும் வெட்கப்பட்டிருக்கிறார்கள்! இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

மூன்றாவது ஒரு காலத்தில் பாதி மளிகைக் கடை. இன்னும் சுவரில் டீத்தூள், மிளகு, சீனி என்று எழுதிய இழுப்பறைகள். சாமான் வாங்க வருகிறவன் அப்படியே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போவானாம். நான் தயங்கித் தயங்கி டீ கேட்டேன். கொடுத்தார்கள், பாலோடு, பானை நிறைய. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கேதான் அந்தக் கறுப்பு பீர் ஊற்றுவதைப் பார்த்தேன். முக்கால் கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார் பார்காரர். அது தெளிய வேண்டுமாம். கிளாஸுக்குள் பழுப்பு நிறத்தில் மேகம் மாதிரி குமிழிகள் கீழ்நோக்கி விழுகின்றன. குமிழி மேலேதானே போக வேண்டும்? ஏன் கீழே போகிறது என்று கேட்டேன். டெக்லனுக்குத் தெரியவில்லை. பார்காரருக்கும் தெரியவில்லை. எல்லாருமாகக் குனிந்து அந்தக் கிளாஸையே பார்த்தோம். "குடிக்காதவங்கதான் இதையெல்லாம் பாப்பாங்க" என்றார் அமெரிக்கப் பெண்.

நாலாவது, டெக்லன் வீட்டுத் தெருவில். பெயர்ப் பலகைகூட இல்லை. கவுன்டரின் ஓரத்தில் ஒரு மரக்கூண்டு. உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் கதவு, கவுன்டர் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். ஸ்னக் என்கிறார்கள். பொதுவில் குடிக்க முடியாத பெண்கள், பாதிரியார்கள், போலீஸ்காரர்கள் அந்தக் காலத்தில் இதற்குள் உட்காருவார்களாம். எனக்குக் கட்கி பஜார் ஹோட்டலின் ஃபேமிலி ரூம் ஞாபகம் வந்தது. பெருநாளைக்கு ஃபலூதா சாப்பிடப் போவோம். நானும் உம்மாவும் உட்கார்ந்ததும் வாப்பா திரையை இழுத்துவிடுவார்.

"அவங்க ஆசைப்பட்டு உள்ளே போனாங்களா, இல்லை உள்ளே தள்ளினாங்களா?" என்று கேட்டேன்.

டெக்லன் யோசித்தான். "ரெண்டும்தான் போல. என் அத்தை இன்னைக்கும் இதுக்குள்ளதான் உக்காருவா. ஊர் பேசுறது இங்கேதான் நல்லாக் கேக்குமாம்."

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாலு இடத்திலும் டெக்லன் கையில் ஏதோ சிவப்பாக ஒரு கிளாஸ் இருந்தது. ஒரு தடவைகூட அது கறுப்பு பீராக இல்லை.

11 மே

அந்த நாலாவது இடத்துக்குக் காலையில் அளவெடுக்கப் போனேன். கூட்டமில்லை. பார்காரரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். டெக்லன் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், அதே சிவப்பு. கேட்டுவிட்டேன். எனக்கு வாய்தான் எதிரி.

"திராட்சை சிரப்பும் தண்ணியும்" என்றான். "நான் குடிக்கிறதை விட்டு ரெண்டு வருஷம் ஆகுது. குடிச்ச காலத்துல நாடகம் போச்சு, கட்டிக்க இருந்தவ போயிட்டா. எனக்கு நல்லாத் தெரிஞ்சது பப்புகள் மட்டும்தான். அதனால இந்த வேலை."

"இங்கேயே இருக்கிறது கஷ்டமா இல்லையா?"

"சூப்பர் மார்க்கெட்லதான் கஷ்டம். அங்க பாட்டிலை எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். கெஞ்சினாலும் ஒருத்தரும் ஊத்த மாட்டாங்க." பார்காரரைக் காட்டினான். "ஒரு நாள் கெஞ்சியும் பாத்தேன். இவர் என்னை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்து கடையை மறுபடி திறந்தார்."

பார்காரர் டேப்பைப் பிடித்தபடி, "கவுன்டர் உயரம் எழுதிக்கிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினார்.

இதை எந்த வரைபடத்தில் வரைவது?

வாப்பா சொன்னது தப்பென்று ஆகிவிடுமா? ஆகாது. இவன் வாழ்க்கையைக் கெடுத்ததும் இப்படி ஓரிடத்தில் ஊற்றிய சாராயம்தானே. ஆனால் ஊற்ற மாட்டேன் என்றதும் இதே கவுன்டர்தான். இரண்டும் ஒரே பலகை.

19 மே, போபோடி

வந்துவிட்டேன். உம்மா சோறு போட்டுக்கொண்டே, கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க என்ன மரம்னு வாப்பா கேக்காவ" என்றாள்.

"மகோகனி. சில இடத்துல ஓக்."

உம்மா போனாள், திரும்பி வந்தாள். "ஒட்டினதா, முழுப் பலகையான்னு கேக்காவ."

"ரெண்டும் இருக்கு."

கூடத்திலிருந்து ஒரு 'ம்' கேட்டது. உம்மாவுக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

23 ஜூலை

வரைபடம் முடிந்தது. எதிரெதிர் பெஞ்சுகள், கண்ணாடித் தடுப்பு, ஒரு ஸ்னக். பாட்டுச் சத்தத்தில் பேச்சு அமுங்காதபடி ஸ்பீக்கரின் இடத்தைத் தள்ளிவைத்தேன். கெல்கர் மேடம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா பேசித்தான் ஆகணும் போல இருக்கு" என்றார். ஹோட்டல்காரரும் சரி என்றார்.

மழை. கடைக்குள் தண்ணீர் வராமல் இருக்க வாப்பா பலகைகளைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பலகைக்குக் குனிந்தார்.

21 நவம்பர்

பப் திறந்தாயிற்று. திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. இன்று பகலில் கணக்கு முடிக்கப் போனேன். எதிரெதிர் பெஞ்சுகள் எங்கே? பாதியை எடுத்துவிட்டு உயர ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. அந்தப் பக்கம் சுவரளவு டிவி. ஸ்னக்கில் காலி பாட்டில் கிரேட் அடுக்கியிருக்கிறது. ஹோட்டல்காரர் உற்சாகமாகச் சொன்னார்: "பெஞ்சுல உக்காந்தா பேசிட்டே இருக்கானுங்க மேடம். ஸ்டூல்ல சீக்கிரம் குடிக்கிறாங்க."

சீக்கிரம் குடிக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ முடிந்துபோனது.

சாயங்காலம் மேடம் அடுத்ததைச் சொன்னார். அதே முதலாளி, பம்பாயில் இரண்டு. "ஃபஹ்மிதாதான் வேணும்னு கேக்கறார்." நான் செய்யவில்லை என்றேன். வீட்டில் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்கு இது தெரியக்கூடத் தெரியாது, எனக்கே வேண்டாம் என்றேன். மேடத்தின் முகம் கொஞ்சம் சுண்டியது. பிறகு, ஔந்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, அதைப் பார் என்றார்.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாப்பா ஜெயித்தது மாதிரி ஆகிவிடும். இது அதுவும் இல்லை.

14 டிசம்பர்

வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். போபோடி முழுக்க வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டிருக்கிறார் வாப்பா. தெரிந்தோ தெரியாமலோ தப்புச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி. இஸ்திரிக்காரரிடம், பழைய கடன்காரர்களிடம், ஒரு காலத்தில் சண்டை போட்ட டெம்போக்காரரிடம்கூட.

18 டிசம்பர், ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு என் அறைக் கதவு தட்டப்பட்டது. இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாப்பா நின்றிருந்தார், தொப்பியோடு, அடுத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

"ஃபஹ்மி" என்றார். எத்தனை மாதம் கழித்து.

"மார்க்கப்படி மூணு நாளைக்கு மேல ஒருத்தர்கிட்ட பேசாம இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். பொறுத்துக்கோம்மா." நான் வாய் திறப்பதற்குள் கையைக் காட்டினார். "அந்த வேலை சரின்னு சொல்லல. அது வேற."

"நானும் அன்னைக்குக் கடையைச் சொல்லிக் குத்தினது தப்பு வாப்பா."

"அது தப்பில்ல. அது கேள்வி." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அதுக்குப் பதில் கிடைக்கல. அதனாலதான் பேசாம இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "அந்த ஊர்ல என்னதான் பாத்தே, சொல்லு" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். வாசலில் எந்தக் காலை வைப்பது என்று நின்றதற்குச் சிரித்தார். போலிப் பலகைக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார். மிளகு இழுப்பறைக்கு அளவு கேட்டார். உம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். டெக்லனைப் பற்றிச் சொன்னபோது வாப்பா சிரிக்கவில்லை. பார்காரர் அவனை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டதை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார்.

ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"அந்தப் பையன் பேரு என்ன சொன்னே?"

"டெக்லன்."

"தெக்லான்."

"டெக்லன், வாப்பா."

"டெக்லன். ஹஜ்ஜுல அரஃபாத் மைதானத்துல நிக்கும்போது அவனுக்காக துஆ செய்யணும். இன்னார் மகன்னு சொல்லணும், அவன் வாப்பா பேரு?"

"அது தெரியாதே."

"பரவாயில்ல. அல்லாவுக்குத் தெரியும்."

எழுந்தார். மஃரிப் தொழுகைக்கு முன் இன்னும் இரண்டு வீட்டில் பயணம் சொல்ல வேண்டியிருக்கிறதாம். மறந்துவிடாமல் இருக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.