கால்வாய்க்கு அந்தப் பக்கம் செல்லாத காப்பீடு

அன்பு மகள் வாலுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றிய செய்தியைக் கடைசியில் வைத்தால் நீ நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி அங்கே குதித்துவிடுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதய வால்வு ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. டாக்டர் தைரியம் சொல்லியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. குழம்பத்தான் நிறைய இருக்கிறது, அதற்காகவே இந்தக் கடிதம்.

நம் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அம்மா இப்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் படியே ஏறக்கூடாதாம். அந்த நேரம் பார்த்துச் சித்தி வீட்டுக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் இரண்டாவது தெரு, அவ்வளவுதான். அம்மா போய்ப் பார்த்து ஜன்னல் திரைக்குக்கூட அளவெடுத்து வந்துவிட்டாள், பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டவும் தொடங்கினோம். எதற்கும் கேட்டுவைப்போம் என்று நம் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன், மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாரே, அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், அங்கே உள்ள ஆஸ்பத்திரிகளோடு நம் கம்பெனிக்கு ஒப்பந்தம் இல்லை, அதனால் எங்கள் வயதுக்காரர்களுக்கான இந்தத் திட்டம் அங்கே கிடையவே கிடையாது என்றார். சித்தியின் திட்டத்தில் சேரலாமே என்றேன். அது வேறு கம்பெனி, பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் தாராளமாகக் கொடுப்பார்களாம், ஆனால் அம்மாவின் இதய டாக்டர் அவர்கள் பட்டியலில் இல்லை, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டுமாம். ஒரே வகுப்பில் ஜன்னலோர பெஞ்சுக்கு ஒரு பாடம், சுவரோர பெஞ்சுக்கு வேறு பாடம் என்றால் எப்படி என்று பழைய வாத்தியார் பாணியிலேயே கேட்டேன். “சார், பாடத்தை மாத்த உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது, நீங்க பெஞ்சு மாறாம இருங்க, அது போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. காப்பீடு ஆளுக்கா, வீட்டுக்கா என்று கம்பெனிக்கே போன் செய்து கேட்டேன். பேசிய பெண் பொறுமைசாலிதான், ஆனால் நான் கேட்டது அவளுக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் செய்கிற மாதிரி ஓர் உதாரணத்தோடு சொன்னால் விளங்கும் என்று நினைத்து, நாங்கள் இன்ன தெருவில் இன்ன எண் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளம்மா, அப்போது என்ன ஆகும் என்று விலாசத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவளும் அதை நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டு, “மாத்திட்டேன் சார், வேற ஏதாவது உதவி வேணுமா?” என்றாள். நான் பதறி வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுநாள் கைப்பேசியில் செய்தி வந்தது. உங்கள் புதிய பகுதியில் இத்திட்டம் இல்லை, இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று. அம்மா அதைப் படித்துவிட்டு, “நான் கட்டின பெட்டி இன்னும் இங்கதான் இருக்கு, நீங்க மட்டும் குடி போயிட்டீங்களா?” என்று கேட்டாள்.

மறுபடி போன் செய்தால், பழைய விலாசத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதை ஆள் வந்து பார்த்த பிறகுதான் மாற்றுவோம் என்றார்கள். நேற்று ஒருவர் வந்தார். உன் வயதுதான் இருக்கும், மாடியேறி வந்த களைப்பில் செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்து, “மெதுவா மூச்சு விடுங்க தம்பி” என்று அவருக்கு வைத்தியம் பார்த்தாள். கொடியில் காய்கிற துணி, அடுப்பில் கொதிக்கிற குழம்பு எல்லாம் பார்த்தவர் அட்டைப்பெட்டிகளைக் கண்டதும், “அப்ப இது என்னம்மா?” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசரவில்லை. “போகலாம்னு கட்டினேன், இப்ப போகல. அந்த வீடு வேண்டாம்னு காலையிலயே என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்” என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும். விலாசம் பழையபடி ஆகிவிட்டது, காப்பீடு பிழைத்தது.

அவர் போன பிறகு, ஆபரேஷன் முடிந்து வந்து இந்தப் படியை எப்படி ஏறுவாய் என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். “நேரா தங்கச்சி வீட்டுக்குப் போறேன். விருந்தாளிக்கு விலாசம் எதுக்கு?” ஏஜென்ட்டைக் கேட்டால், விருந்தாளியாகத் தாராளமாக இருக்கலாம், ஆனால் இருவரும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டால் குடிபோனதாக ஆகிவிடும், மறுபடி ஆள் வந்தால் சிக்கல் என்கிறார். ஆகவே அம்மா அந்தக் கரையில், நான் இந்தக் கரையில் விலாசத்துக்குக் காவல். இது சரியா, நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா, ஒன்றும் பிடிபடவில்லை. பகலில் பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்துவிடுவேன். இரவுதான் யோசனையாக இருக்கிறது. அவள் மூச்சு சீராக வருகிறதா என்று தூக்கத்திலும் காது கொடுத்துப் பழகிவிட்டேன். சித்தி பாசக்காரிதான், ஆனால் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். லீவு கேள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்டுப் பார்க்கமாட்டாயா என்று மட்டும் எழுதுகிறேன். வந்தால் நீ அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் ஆசிகள். நீங்களும் வீடு மாறப்போவதாகச் சொன்னாயே, முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் காப்பீடு அந்த இடத்தில் செல்லுமா என்று கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் இருக்கும்
உன் அப்பா