ஏழுமலைக்கு எழுதினாய், எனக்கு எழுதவில்லை

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது சண்டை போட எழுதுகிறேன். குறுக்கே பேச நீ இல்லை, இந்த ஒரு தடவையாவது நான் முழுசாகப் பேசிவிடுகிறேன்.

நீ நடத்தின பேப்பர் நின்றுவிடவில்லை, பயப்படாதே. மாதம் இரண்டு தடவை, அதே நாலு பக்கம், கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து குமணன்சாவடி வரைக்கும் போகிறது. அம்பத்தூரில் நமக்கு அச்சடிப்பவர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். உன் நாற்காலியில் அம்மா யாரையும் உட்கார விடுவதில்லை. என்னையும்தான்.

அப்புறம், உன் ஏழுமலை வெளியே வந்துவிட்டார்.

'உன் ஏழுமலை' என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. இந்தக் கடிதத்தை நம் பேப்பரிலேயே போடப்போகிறேன், அதனால் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எல்லா வீட்டிலும் அப்பா கறி வாங்கப் போவார். நீ ஜெயிலுக்குப் போவாய். அங்கே எழுத ஆசைப்பட்ட ஆறேழு பேரை உட்கார வைத்து, செய்தி எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாய். அதில் ஒருவர் ஏழுமலை. குடிபோதைச் சண்டையில் கை நீட்டி, ஒரு உயிர் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

அந்த ஆள் எழுதி அனுப்பும் ஒவ்வொரு தாளையும் நீ எப்படிப் படிப்பாய்! பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு வரிக்கு நாலு கேள்வி. 'இதை நீ பார்த்தாயா, கேட்டாயா?' 'அப்போது மணி என்ன?' 'அவன் கையில் என்ன இருந்தது?' பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவாய். என் செய்தியை? சாப்பிட்டுக்கொண்டே ஒரு பார்வை. ஒரு கமா. 'அச்சுக்குக் கொடுத்துடும்மா.' அவ்வளவுதான்.

ஒன்பது வருஷம் நம் பேப்பரில் எழுதினேன், ஒருநாளும் என் பேர் வரவில்லை. எப்போதும் 'நமது நிருபர்'. கேட்டதற்கு, "ஊட்டு ஆளு பேரை ஊட்டுப் பேப்பர்ல போட்டா ஊர் சிரிக்கும்" என்றாய். ஜெயிலில் இருந்தவர் பேரைப் போட்டாயே, அதற்கு ஊர் சிரிக்கவில்லையா?

ஏழுமலை எழுதின அந்த பெல்பாட்டம் கட்டுரை ஞாபகமிருக்கிறதா? விடுதலையாகிற ஒரு ஆள், கைதான அன்று போட்டிருந்த பழைய பெல்பாட்டத்தையே திரும்ப வாங்கி மாட்டிக்கொள்கிறார். உடம்பு இளைத்துப்போய் அது இடுப்பில் நிற்கவில்லை. சணல் கயிறு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறார். அதைப் படித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஆளுக்காக இல்லை. அப்படி ஒன்றை நான் எழுதவில்லையே என்று.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நீ கண்ணைத் திறந்து கேட்டது என்ன? "ஏழுமலை லெட்டர் வந்துச்சா?" வந்திருந்தது. வரவில்லை என்று சொன்னேன். மன்னிப்பாயா, மாட்டாயா, எனக்குத் தெரியாது.

போன மாதம் விடுதலையாகி, ஒரு வாரம் கழித்து ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு செய்தி. குமணன்சாவடி முனையில் காலையில் கூலி வேலைக்குக் காத்து நிற்கிறவர்களைப் பற்றி, அவர்களோடு தானும் நின்று எழுதியது. நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. பேரை எடுத்துவிட்டு 'நமது நிருபர்' என்று போட்டேன். நான் பட்டதை அவரும் படட்டும் என்று.

பேப்பர் வந்த அன்று வந்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, பேரு வரலியே?"

"வெளியே வந்தவங்க பேரைப் போடுறதில்லைங்க. அது நம்ம பேப்பர் வழக்கம்."

"உள்ள கீறப்போவே நைனா போட்டாரே."

என் நைனாவை நைனா என்கிறார்! "அது அப்போ" என்றேன், வெடுக்கென்று.

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மின்ன ஒரு தபா பேப்பர்ல என் பேரு வந்துச்சு, தங்கச்சி. கொலை கேசுன்னு. என் பொண்ணு நசரத்பேட்டைல அவ ஆயா ஊட்ல கீறா. அந்தப் பேப்பரை எட்த்து வச்சுகினு, என்னைப் பாக்க மாட்டேன்றா. இதையும் ஒரு தபா பாக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

அப்போதும் வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே நீ எழுதின கடிதங்கள். "இதுல எங்கனா அந்த வழக்கம் எழுதிகீறாரா, நீயே பாத்து சொல்லு."

பார்த்தேன், நைனா. அத்தனையும் உன் கையெழுத்து. ஒரே வீட்டில் இருந்ததால் எனக்கு நீ ஒரு கடிதம்கூட எழுதினதில்லை. வழக்கத்தைத் தேடுகிற சாக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றுக்குள் நம் பேப்பரிலிருந்து வெட்டின துண்டு ஒன்று இருந்தது. கொரட்டூர் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது நான் எழுதியது. கூடவே நீ எழுதியிருந்தாய்:

'ஏழுமலை, இதைப் படி. தண்ணீரில் முதலில் போனது மளிகைக்கடைத் தராசு என்று ஆரம்பிக்கிறாள் பார். எனக்கு இப்படி வராது. எழுதியது என் பொண்ணு. அவளிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும்.'

அடப்பாவி நைனா! ஏறட்டுமே! ஒரு நாள் ஏறினால் கொரட்டூர் ஏரி உடைந்துவிடுமா? தாளின் மூலையில் ஜெயில் ஆபீஸ் முத்திரை. உள்ளே போகும் கடிதங்களை அவர்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாமே. என்னைப் பற்றி நீ சொன்ன நல்ல வார்த்தை, முத்திரை குத்தினவருக்குத் தெரியும், ஏழுமலைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. பொறாமை தீரும் என்று நினைக்கிறாயா? இன்னும் கூடிப்போச்சு.

"அப்படி ஒரு வழக்கமே கெடையாது. நான் சொன்னது பொய்" என்றேன் அவரிடம்.

"தெரியும் தங்கச்சி. எத்தினி வருசமா பட்ச்சுகினு கீறேன் இந்தப் பேப்பரை."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"உங்கூட்டுப் பேப்பர். நான் இன்னா சொல்றது?"

அந்த ஒரு கடிதத்தை மட்டும் எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது மட்டும் கேக்காத. வோணும்னா பாத்து எழுதிக்கோ" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். எதிரே அவர் காவல் காக்க, உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். நீ என்னைப் புகழ்ந்த நாலு வரி இப்போது என்னிடம் இருக்கிறது, என் கையெழுத்தில்.

வருகிற இதழில் குமணன்சாவடிச் செய்தியை மறுபடியும் போடுகிறேன், முதல் பக்கத்தில், ஏழுமலை என்ற பேரோடு. அந்தப் பேப்பரை நானே நசரத்பேட்டைக்கு எடுத்துப் போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பேன். வாங்காவிட்டால் அடுத்த இதழோடு மறுபடி போவேன். சத்தியம், நைனா. ஒரு பொண்ணுக்காவது அவள் அப்பன் எழுதினது கைக்குப் போய்ச் சேரட்டும்.

உன் ஒரே மகள்,
ஸ்டெல்லா