வெண்கோதை நீரும் களஞ்சியத்தார் வாங்கிய ஹார்டு டிஸ்க்கும்

நீர் நிறைக, நெல் விளைக, இரண்டையும் காக்கும் கோல் கோணாது நிற்க. வெண்கோதை ஆற்றின் கடைமடை வரை குடைநிழல் பரப்பியவரும், மதகுகளுக்கெல்லாம் உரியவரும், வறட்சிக்குப் பகைவருமாகிய தண்மருத நாட்டு மன்னர் நெடுமதகப் பெருமாள் திருவடிகளுக்கு, முத்துவாய்த்துறையில் தங்கியிருக்கும் தூதுவர் ஆதன் கொற்றனார் கைகூப்பிச் சொல்லச் சொல்ல, ஓலை எழுதுவோன் சாத்தன் எழுதிய விண்ணப்பம். பட்டத்து அரசியார் நலமா, அரண்மனைப் பசுக்கள் நலமா, மாநகரில் ஒரு தூறலாவது விழுந்ததா என்று முறைப்படி கேட்கச் சொன்னார் தூதுவர். இங்கு யாவரும் நலம் என்று முறைப்படி எழுத மட்டும் அவர் சொல்லவில்லை.

மன்னர் அறியாததன்று, ஆயினும் அவையில் இதைக் கேட்போர் அனைவரும் அறியும்படி அடியிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றின் மேற்பால் உள்ள மேற்குன்ற நாட்டாரோடு நீர்ப்பூசல் மூண்டால் வாளெடுப்பதில்லை என்றும், இரு நாட்டாரும் தத்தம் கையால் பூட்டிய கணினியில் கோட்டைப்போர் என்னும் ஆட்டத்தை இத்துறை வணிகர் சபை முன்னே ஆடுவது என்றும், வென்றவரே தலைமதகின் திறவுகோலைக் கொள்வது என்றும் முன்னோர் உடன்படிக்கை செய்தார்கள். நாளை உச்சிப்பொழுதில் அந்த ஆட்டம். நம் பக்கம் ஆடுகிறவள் கடைமடையில் ஏர் உழும் நீலி. அவளை மிஞ்ச இரு நாட்டிலும் ஆளில்லை. அவள் தோற்றால் வெண்கோதையில் நமக்கு வந்து சேருவது மணல்தான்.

அவள் கையில் குறையில்லை, குறை கணினியில் என்று சொல்லவே தூதுவருக்கு வாய் கூசுகிறது. எப்பொருளையும் அதற்குரிய துறையார்தாம் வாங்க வேண்டும் என்பது நம் அரண்மனை வழக்கம். அவ்வழக்கப்படி, போருக்குரியவை என்று ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் படைத்தலைவர் தேர்ந்தார். நன்றாகவே தேர்ந்தார், அந்தக் கார்டு முறம் அகலம் இருக்கிறது. ஒளி தொடர்பானது என்று பவர் சப்ளையை விளக்குத் துறையார் வாங்கினார்கள். பெட்டிக்குள்ளே ஒளிந்து கிடப்பதற்கு எதற்குப் பெருஞ்செலவு என்று இருப்பதில் எளியதை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கேபினெட்டைச் சுற்றி மயில் வண்ண விளக்கு பதிக்கச் செலவழித்தார்கள். இருப்பு வைப்பது எதுவாயினும் தமக்கே உரியது என்று ஆட்டத்தை ஏற்றி வைக்கும் இடத்தைக் களஞ்சிய நாயகர் பெருங்கூத்தரையர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இவற்றைப் பங்கிட்ட அவையிலேயே தூதுவர் எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று மன்றாடியது மன்னருக்கு நினைவிருக்கும். அதில் கொள்வது குறைவாயினும் கேட்டது கேட்ட கணத்தில் எடுத்துத் தரும் என்று எவ்வளவோ எடுத்துரைத்தார். உழக்கை வாங்கிக் குதிருக்கு விலை கொடுப்பதா என்று களஞ்சிய நாயகர் நகைக்க, அவையும் சேர்ந்து நகைத்தது. நாட்டு நெல்லுக்கெல்லாம் கணக்கு எழுதி வைத்தாலும் நிறையாத ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் வந்து சேர்ந்தது. இருப்பு எவ்வளவு என்று பார்த்தார்களே தவிர, பசித்தவன் இலைக்கு எப்போது வந்து சேரும் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

நேற்று வெள்ளோட்டம் நடந்தது. சங்கு ஊதியதும் மேற்குன்றத்தான் ஒருவன் கோட்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, நீலியின் திரையில் ஹார்டு டிஸ்க் கறகறவென்று சுழன்றதே ஒழிய கோட்டை வரவில்லை. வந்தபோது மதில் வந்தது, வாயில் வரவில்லை. வெட்டவெளி என்று நம்பி அவள் ஓடிய இடத்தில் திடீரென்று ஒரு கொத்தளம் முளைத்து அவளை மறித்தது. அதற்குள், பிடித்தவர்க்கே வெற்றி தரும் கோட்டைக் கிணற்றை எதிரி பிடித்துவிட்டான். இரண்டாம் ஆட்டத்தில் போர் உச்சத்துக்கு ஏறி, முறம் போன்ற அந்தக் கிராபிக்ஸ் கார்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேட்ட நொடியில், பவர் சப்ளை தாங்காமல் கணினி முழுவதும் அணைந்தது. மயில் விளக்குகளும் அணைந்தன. மேற்குன்றத்தார் கைகொட்டவில்லை, பாவம் என்பதுபோல் பார்த்தார்கள். அதைத்தான் தூதுவரால் தாங்க முடியவில்லை. நேற்று முதல் அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

உடன்படிக்கைப்படி ஆட்டத்துக்கு முன் ஒரே ஒரு உறுப்பை மாற்றலாம்; அதற்கும் மன்னர் முத்திரை பதித்த முறிச்சீட்டு வேண்டும். எதை மாற்றுவது? எஸ்.எஸ்.டி. வாங்கினால் நடு ஆட்டத்தில் கணினி அணையும்; பவர் சப்ளை வாங்கினால் ஆட்டம் தொடங்குமுன்னே கோட்டை போகும். தலை நனையாமல் இருக்கக் காலை நனைப்பதா, கால் நனையாமல் இருக்கத் தலையை நனைப்பதா என்று தூதுவர் தவித்தார். நீலிதான் வழி சொன்னாள். படத்தின் பொலிவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைத்து, கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கும் கடிவாளம் போட்டுவிட்டால் இந்தப் பவர் சப்ளையே ஒருவேளை தாங்கும் என்றாள். மதில் மழுங்கலா தெரிஞ்சா போதுமுங்க, வேளைக்குத் தெரியணும் என்பது அவள் வாக்கு. படைத்தலைவர் ஆசையாய்த் தேர்ந்த கார்டு அரைப்பட்டினி கிடக்கட்டும் என்று தூதுவரும் இசைந்தார்.

வணிகர் ஒருவரிடம் எஸ்.எஸ்.டி. ஒன்றே மிஞ்சியிருந்தது, வெற்றிலைக் காம்பு நீளந்தான். தூதுவர் தம் காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கினார். பெருமாளே, இனிச் சொல்வதைச் சினவாமல் கேட்டருள வேண்டும். தூதுவர் கையில் மன்னர் தந்தனுப்பும் முத்திரை சுடாத மண்ணால் ஆனது என்பதும், ஒருமுறை பதித்தால் உடைந்துவிடும் என்பதும், தோற்றால் தோல்வியை ஒப்பும் அடங்கல் முறியில் அதைப் பதித்துவிட்டு உயிரோடு திரும்புவதற்கே அது தரப்படுகிறது என்பதும் மன்னர் அறிவார். அதை எஸ்.எஸ்.டி. மாற்றும் முறியில் பதித்துவிட்டார். தோற்றவர் முத்திரை வைக்காவிட்டால் தோற்ற நாட்டுத் தூதுவர் மேற்குன்றத்தாரின் சிறைக்குரியவர் என்பது உடன்படிக்கை. மண் உடைந்து உள்ளங்கையில் உதிர்ந்தபோது, தம் மனையாளிடம் அறுவடைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி வந்ததை நினைத்துத் தூதுவர் வாய்விட்டு அழுதார். எழுதுவோன் பார்த்தான், ஆகவே எழுதுகிறான்.

இன்று மாலை சபையார் முன்னே எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினார்கள். சங்கு ஊதி முடிவதற்குள் கோட்டை முழுவதும் வாயிலோடும் கிணற்றோடும் வந்து நின்றது. மழுங்கலாகத்தான் நின்றது, நின்றதே போதும். கணினி ஒருமுறை மட்டும் மினுக்கி அணையப் பார்த்து, பின்பு தன்னைப் பிடித்துக்கொண்டது. நாளையும் அப்படிப் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டால் நீலி கையை விரிக்கிறாள், தூதுவர் வானத்தைப் பார்க்கிறார்.

இவ்வளவும் முடிந்து மூச்சு விடலாம் என்றிருந்த வேளையில், ஊரில் நாற்றுவிட்டாயிற்றா என்று நீலி கேட்டாள். ஆட்டம் முடிந்து நீர் நமதென்று தெரியும்வரை விதைநெல்லை வெளியே விடுவதில்லை என்று களஞ்சிய நாயகர் பூட்டி வைத்திருப்பதைத் தூதுவர் மறைக்காமல் சொன்னார். அவள் மௌஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மதகு திறந்து வெண்கோதை கடைமடைக்கு வந்து சேரும்போது அங்கே நாற்றில்லை என்றால் அந்த நீர் கடலுக்குப் போகத்தானே போகிறது, விதைப்புப் பட்டம் தப்பிய பிறகு வெற்றியை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும் என்று கேட்டாள். நம்மேல நம்பிக்கை இல்லாத ஊருக்காக நான் எதை வச்சு ஆடுறதுங்க என்றும் கேட்டாள். அவளிடம் சினந்தும் கெஞ்சியும் பார்த்தாயிற்று. களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஓலை போனால்தான் ஆடுவேன் என்று, இதோ எழுத்தாணியை விட்டு விழி அகற்றாமல் எதிரே நிற்கிறாள்.

ஆகவே இது விண்ணப்பமாகத் தொடங்கி ஆணையாக முடிகிறது. தூதுவர் மன்னருக்கு ஆணையிடுவது எந்த நாட்டிலும் இல்லாத குற்றம் என்று தெரிந்தே சொல்லச் சொன்னார். முத்திரையில்லா ஓலையை அவையில் படிப்பதில்லை என்னும் வழக்கம் இதற்கு மட்டும் விலகி நிற்கட்டும். மன்னர் இதைக் கேட்ட இடத்திலேயே பெருங்கூத்தரையரிடமிருந்து திறவுகோலை வாங்கி, கடைமடைக் குடிகளுக்கு முதலிலும் பிறருக்குப் பின்னும் விதைநெல்லை அளந்துவிடுக. நாற்றங்காலுக்கு இருக்கும் குளத்து நீரை இறைத்துவிடுக. இந்த ஆணை பிழையாயின், அதற்குரிய தண்டனையைக் கொடுக்கத் தூதுவர் தலை மாநகரில் இராது. மேற்குன்றத்துச் சிறையில் இருக்கும். விதை வீணானால் அந்தப் பழியும் அவரோடு அங்கேயே கிடக்கட்டும்.

ஆதன் கொற்றனார் சொல்ல, சாத்தன் எழுத, முத்திரைக்குரிய இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத நீலி அரக்கில் தன் பெருவிரலை அழுத்தினாள். குதிரைக்காரன் வாயிலில் நிற்கிறான். ஓலையைக் கட்டுமுன் எழுதுவோன் நிமிர்ந்து பார்த்தான். அவள் போய் மௌஸைக் கையில் எடுத்துவிட்டாள்.