என் பெட்டியிலிருந்து நீ எடுத்த இறக்கைகள்

அன்புள்ள அண்ணா,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. உனக்கு வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை, போட்டுவிட்டேன். அதற்காக இளிக்காதே. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை.

முதலில் அந்த ஹெல்மெட். கரியாலூரில் ஒரு லாட்ஜுக்கு கேமரா மாட்டப் போனவன், மழையில் மலைப்பாதை இறங்கி வருகிறவன், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டா வருவான்? போலீஸ்காரர் அதை என் கையில் கொடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. யார் தலைக்கு வாங்கினாய் அதை?

சரி, அதை விடு. அதற்கு உன்னைத் திட்ட அண்ணி இருக்கிறார். நான் எழுத வந்தது என் இறக்கைகளைப் பற்றி.

போன வாரம் உன் பெங்களூரு நண்பர் ஒருவர் போன் செய்தார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பொம்மை விமானம் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு, சோறு தண்ணி இல்லாமல் அதிலேயே கிடப்பாயே, அதிலிருந்து. நீ செய்த சரக்கு விமானத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஒவ்வொரு கண்காட்சிக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். "ரெண்டு வேற வேற கிட்டை இவ்ளோ அழகா சேர்த்தவர் எங்க குரூப்ல யாருமே இல்ல மேடம்" என்றார். அந்த இரண்டாவது கிட், அந்த இரண்டாவது விமானப் பெட்டி, யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? நீ சொல்லியிருந்தால்தானே தெரியும்!

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நாலு பேர் கேட்கச் சொல்லப்போகிறேன்.

நம் வீட்டுக்கு எந்தப் பொருளாவது முழுசாக வந்திருக்கிறதா? அம்மாவும் அப்பாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். உன் சட்டை யார் வீட்டுப் பிள்ளையோ போட்டுக் கழித்தது. என் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் கிடையாது, யாரோ கிழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். காயலான் கடையில் நீ கண்டெடுத்த முதல் விமானப் பெட்டியும் அந்த லட்சணம்தான். உடம்பு இருந்தது, வால் இருந்தது, இறக்கை இல்லை. பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி நீயே இறக்கை வைத்தாய். அன்றோடு உனக்குப் பித்துப் பிடித்தது. இதன் மூக்கு, அதன் வால், இன்னொன்றின் சக்கரம் என்று உடைசல் பெட்டிகளாக வாங்கி வந்து ஒன்றோடு ஒன்றை மாட்டுவாய். பெட்டியில் போட்டிருக்கிறபடி செய்தால் அதில் என்ன இருக்கிறது என்பாய்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒட்டுப்போட்டே வளர்ந்தாயிற்று, விளையாட்டிலுமா ஒட்டுப்போட வேண்டும்?

அதனால்தான் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் ஒரு பெட்டி வாங்கினேன். புதுப் பெட்டி, உறை பிரிக்காதது. இரட்டை என்ஜின் பயணிகள் விமானம். வழிகாட்டித் தாளில் உள்ளபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒட்டி, மூடியின் மேல் இருக்கிற படம் மாதிரியே செய்து முடிக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கல்யாணமாகிச் சங்கராபுரம் போனபோது அங்கே வைக்க இடமில்லாமல் உன் பீரோ மேல் வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்றேன். "நான் பாத்துக்கறேன் பாப்பா" என்றாய்.

நீ பார்த்துக்கொண்ட லட்சணம் ஒரு பொங்கலுக்கு நான் வந்தபோது தெரிந்தது. பெட்டியைக் கையில் எடுத்ததுமே எடை குறைந்திருந்தது.

"என் றெக்க எங்க?"

"இன்னா பாப்பா, நாலு வருசமா பொட்டியிலயே தூங்கிக்கினு இருந்துச்சு. பறக்கட்டுமேன்னு எடுத்தேன். கண்காட்சிக்கு நாலு நாள் கீது, என் பிளேனு றெக்க ஒடஞ்சி பூடுச்சி. உனக்கு வேற வாங்கித் தரேன்."

"ஒரு வார்த்த கேட்டியா?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து, "ஒரு பிளாஸ்டிக்குக்கு இன்னாடி இந்தக் கத்து கத்துற, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அண்ணா, அது வெறும் பிளாஸ்டிக் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நீதான். அம்மாவிடம் அதையாவது சொல்லியிருக்கலாம். நீ தலையைக் குனிந்துகொண்டு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் உன்னோடு பேசவில்லை. தினமும் காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உன் மொபைல் கடை வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று பழக்கடைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தேன். அந்த விமானத்தின் படத்தை நீ ஸ்டேட்டஸில் வைத்த அன்று மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. விமானம் ஒட்டுகிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. பசை போட்டு, பட்டி பார்த்து, தேய்த்து, இணைப்பே தெரியாமல் ஆக்குவதுதான் வேலையே. அந்த இரண்டு வருஷத்தில் நான் உனக்கு அனுப்பிய ஒரே செய்தி, 'கோடு தெரியுது. ஒழுங்கா பட்டி பாக்கக்கூடத் தெரியல' என்பதுதான். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டுக்குப் போனேன். இப்போது கடையை அண்ணிதான் நடத்துகிறார், தெரியுமா? ரீசார்ஜ், கவர், சார்ஜர் எல்லாம் ஓடுகிறது. ரிப்பேர் மட்டும் இல்லை. பெங்களூருக்காரர் அவரிடமும் பேசியிருக்கிறார். "றெக்க உன்னுது. குடுக்கறதா வேணாமான்னு நீதான் சொல்லணும்" என்றார் அண்ணி.

"என் றெக்கய அறுத்து எடுத்துக்கறேன். மிச்சத்த அவங்க எடுத்துக்கினு போவட்டும்" என்றேன். பையில் சின்ன ரம்பத் தகடும் என் பெட்டியும் கொண்டுபோயிருந்தேன். நீ ஆசையாகச் செய்ததை நாசம் பண்ண வேண்டும் என்றுதான் போனேன், மறைப்பானேன்.

அண்ணி விமானத்தை மேஜைமேல் வைத்தார். எங்கே அறுப்பது என்று பார்க்க இறக்கையைப் பிடித்து லேசாக அசைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். முழு இறக்கையும் என் கையில் இருந்தது.

உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உடைசல் இல்லை. பசை இல்லை. உடம்பில் ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் பொடிக் காந்தங்கள். செத்த போன்களின் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி மாத்திரை டப்பாவில் சேர்த்து வைப்பாயே, அதே காந்தங்கள்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி. "பாப்பா வந்து கேட்டா அந்த நிமிசமே கழட்டிக் குடுக்கணும்னு பசையே போடலியே. மூணு நாளு அந்தக் காந்தத்தயே நோண்டிக்கினு கெடந்தாரு. அதான் கோடு தெரியுது. கண்காட்சியில அந்தக் கோட்டுக்குத்தான் மார்க்கக் கம்மி பண்ணிட்டாங்களாம்."

"அப்ப அண்ணன் ஏன் கொண்டாந்து குடுக்கல?" நான் கத்திவிட்டேன். அண்ணியிடம் கத்தியிருக்கக் கூடாது.

"நீ வருவ, வருவன்னு பாத்துக்கினே இருந்தாரு. நீதான் வரவே இல்லியே."

இது என்ன நியாயம் அண்ணா? எடுத்தவன் நீ. நான் வந்து கேட்க வேண்டுமா? உன் கடைக்கும் கோர்ட்டுக்கும் ஷேர் ஆட்டோகூட வேண்டாம், பொடிநடை. பகலில் கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு, இறக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "இந்தா பாப்பா" என்று என் மேஜைமேல் வைத்திருந்தால் உன் தலையிலிருந்த கிரீடம் இறங்கியிருக்குமா? பட்டி பார்க்கத் தெரியவில்லை என்று நான் எழுதியபோதாவது, "அது அப்படி இல்ல" என்று ஒரு வரி எழுத முடியாதா உன்னால்? கட்டைவிரல் அனுப்புகிறான் கட்டைவிரல்!

நானாவது வந்திருக்கலாம். அதையும் நினைக்காமல் இல்லை. இழுத்துப் பார்த்திருந்தால் போதும், ஒரு விநாடி வேலை. எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி அதுதான்.

என் பெட்டியைத் திறந்து, இறக்கைகளை அதிலிருந்த உடம்பில் வைத்துப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன. உள்ளே துளை போட்டிருக்கிறாய், வர்ணம் அடித்திருக்கிறாய், ஆனால் என் இறக்கையின் ஓரத்தை ஒரு நூல்கூட நீ சீவவில்லை. சேராத இடத்தில் எல்லாம் உன் விமானத்தைத்தான் வெட்டியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இன்று காலை பெங்களூருக்காரரிடம் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். கழற்றி மாட்டுகிற மாதிரி இருப்பதால் கொண்டுபோக ரொம்ப வசதி என்று அவர் இழுத்தார். இனிமேல் அந்த வசதி இருக்காது என்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கடைக்கு வந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இறக்கைகளை உன் விமானத்திலேயே வைத்து ஒட்டப்போகிறேன். காந்தத்தின் மேலேயே பசை போடுவேன். கோடு தெரியாமல் பட்டி பார்த்து, தேய்த்து, வர்ணம் அடிப்பேன். அதற்குப் பிறகு யாராலும் கழற்ற முடியாது, என்னாலும்தான். கேட்டால் உடனே கொடுக்கலாம் என்றுதானே இரண்டு வருஷம் ஒட்டாமல் வைத்திருந்தாய்? நான் வாங்கிக்கொள்ள மாட்டேன், போ.

இன்னமும் உன்னோடு பேசாமல் இருக்கிற
உன் தங்கச்சி,
தேவகி